பப்பாளி மரமும் வெள்ளைப் பூச்சியும்: ஒரு பொடக்காலித் தோட்டத்தின் வரலாறு

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும், துடியலூரில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் காலையில் எழுந்தவுடன் செய்யும் முதல் வேலை பொடக்காலிக்குப் போய்ச் செடிகளைப் பார்ப்பதுதான். பொடக்காலி என்றால் கொங்குத் தமிழில் வீட்டின் பின்புறம். மற்ற ஊர்க்காரர்கள் புழக்கடை என்றோ கொல்லை என்றோ சொல்வார்கள்.

கோடையின் தொடக்கத்தில் அங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கும். மல்லிகைச் செடி மொட்டு விட்டிருக்கும். கத்திரி காய்த்திருக்கும். தக்காளி பூத்திருக்கும், ஆனால் வெயில் தாங்காமல் பாதிப் பூ உதிர்ந்து கிடக்கும். வேலியோரம் வேம்பு பூத்துச் சொரியும். முருங்கையில் காய் தொங்கும். செம்பருத்தியில் தேன்சிட்டு வந்து அமரும். மூலையில் ஒரு பப்பாளி மரம், தண்டைச் சுற்றிக் காய்களோடு நிற்கும்.

தோட்டம் பார்ப்பது என்றால் பூவையும் காயையும் பார்ப்பது மட்டுமல்ல. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். செடிக்கு வரும் வியாதியும் பூச்சியும் முதலில் அங்கேதான் தெரியும். 2009, 2010 ஆண்டுகளின் கோடையில் கோவை வட்டாரத்தில் இப்படி இலையைத் திருப்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காட்சியைக் கண்டார்கள். பப்பாளி இலையிலும் காயிலும் தண்டிலும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. சில வீடுகளில் மரம் முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிட்டது.

"ஏனுங்க, உங்க வீட்டுப் பப்பாளியிலயும் இந்த வெள்ளைப் பூச்சி வந்திருச்சுங்களா?" என்பதுதான் அந்த இரண்டு கோடையிலும் பக்கத்து வீட்டுச் சுவரோரம் நடந்த பேச்சு.

அந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது? எப்படிப் போனது? இதற்கு விடை தேடினால் ஐந்நூறு ஆண்டு வரலாறு வெளியே வருகிறது. தோட்டத்துக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக மேலே படிக்கவும்.

விருந்தாளிகள் நிறைந்த தோட்டம்

முதலில் அந்தத் தோட்டத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பார்ப்போம். வேம்பும் முருங்கையும் இந்தியாவிலேயே தோன்றியவை. கத்திரியும் நம் பக்கத்துச் செடிதான். கனகாம்பரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது. இவை வீட்டுக்காரர்கள்.

மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, அரசாணிக்காய், செண்டுமல்லி, காகிதப்பூ ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்து போவதற்கு முன் இவற்றில் ஒன்றைக்கூடக் கொங்கு நாட்டில் யாரும் பார்த்திருக்க முடியாது. மிளகாய் இல்லாத குழம்பை இன்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அதற்கு முன் பல நூற்றாண்டுகள் இங்கே காரத்துக்கு மிளகுதான்.

இந்தச் செடிகள் வெளியிலிருந்து வந்தவை என்பதற்கு அவற்றின் பெயர்களே சாட்சி. மிளகைப் போலக் காரம் தரும் காய் என்பதால் மிளகாய். மற்ற ஊர்களில் அரசாணிக்காய்க்குப் பறங்கிக்காய் என்று பெயர். பறங்கி என்றால் போர்த்துக்கீசியர் முதலான ஐரோப்பியர். தக்காளி என்ற பெயர் அதற்கு முன்பே நம் ஊரில் இருந்த சிறு பழச் செடிகளுக்கு உரியது. மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் இன்றும் அந்தப் பெயரை வைத்திருக்கின்றன. கப்பலில் வந்த பெரிய பழத்தைப் பழைய அகராதிகள் சீமைத்தக்காளி என்று குறிக்கின்றன. காலப்போக்கில் சீமை உதிர்ந்துபோய், வந்தவன் முழுப் பெயரையும் எடுத்துக்கொண்டான்!

இதில் ஆங்கிலேயர்களும் குழம்பித்தான் போனார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த செண்டுமல்லிக்கு அவர்கள் ஆப்பிரிக்க மேரிகோல்டு என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது நம் கதாநாயகனுக்கு வருவோம். பப்பாளியின் தாயகம் தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஸ்பானியர்கள் அதைப் பசிபிக் கடல் வழியாகப் பிலிப்பைன்சுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து மலாக்காவுக்கும், மலாக்காவிலிருந்து இந்தியாவுக்கும் வந்தது. இந்த வழியை 1596-ல் வெளிவந்த தன் நூலிலேயே டச்சுப் பயணி லின்ஸ்கோட்டன் குறிப்பிட்டிருக்கிறார். கோவாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர்.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலபாரின் செடி கொடிகளைப் படம் வரைந்து தொகுக்கச் செய்தார். ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ் என்ற அந்தப் பன்னிரண்டு தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. உள்ளூர் வைத்தியர் இட்டி அச்சுதன் சொன்ன செய்திகள் அதற்கு முக்கிய ஆதாரம். அதன் முதல் தொகுதியிலேயே பப்பாளி மரம் இடம் பெற்றிருக்கிறது. கொய்யாவும் செம்பருத்தியும் அடுத்த தொகுதிகளில் வருகின்றன. அதாவது இந்தியாவுக்கு வந்து சுமார் நூறு ஆண்டுகளிலேயே பப்பாளி மலபாரின் மரங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டுவிட்டது. மலபாருக்கும் கோவைக்கும் நடுவில் பெரிய தடையும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொங்கு நாடு.

பின்னாளில் கோவையே பப்பாளிக்கு ஒரு தாய்வீடு ஆனது. சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி வளர்ந்து, 1906-ல் கோவைக்கு இடம் மாறி வேளாண் கல்லூரியானது. 1971-ல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே உருவான பப்பாளி ரகங்களுக்குக் கோ 1, கோ 2 என்று வரிசையாகப் பெயர். அந்தக் "கோ" கோயம்புத்தூரைக் குறிக்கும்.

எதிரியை விட்டுவிட்டு வந்த செடி

கப்பலில் ஏறி வந்தது பெரும்பாலும் விதை. விதையோடு செடியின் சொந்த ஊர் முழுவதும் வருவதில்லை. மெக்சிகோவில் பப்பாளியைத் தின்னும் பூச்சிகள் இருந்தன. அந்தப் பூச்சிகளைத் தின்னும் வேறு பூச்சிகளும் இருந்தன. இரண்டு தரப்பும் அங்கேயே தங்கிவிட்டன. பப்பாளி மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

வந்த ஊரில் பழைய எதிரி இல்லை என்றால் எந்தச் செடிக்கும் கொண்டாட்டம்தான். சில செடிகள் அந்தக் கொண்டாட்டத்தில் எல்லை மீறிவிடுவதும் உண்டு. துடியலூருக்கு மேற்கே தடாகம் பக்கத்து மலையடிவாரத்தில் புதர் புதராக நிற்கும் உண்ணிச்செடியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் அழகுக்காக நட்டது, இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் யானை தின்னும் புல்லுக்குக்கூட இடம் விடாமல் பரவிக் கிடக்கிறது.

எதிரி இல்லாமல் பரவும் செடியை அதன் பழைய எதிரியைக் கொண்டு வந்து அடக்க முடியுமா? முடியும் என்பதற்கு உலகின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. அது நடந்ததும் தற்செயலாகத்தான்.

சப்பாத்திக்கள்ளி சொல்லும் பாடம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துணிகளுக்கு உயர்ந்த சிவப்புச் சாயம் ஒரு சிறு பூச்சியிலிருந்து கிடைத்தது. கொச்சினீல் என்று அதற்குப் பெயர். அமெரிக்கக் கள்ளிச் செடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டி வாழும். நசுக்கினால் இரத்தச் சிவப்பு. அதில் ஸ்பானியர்கள் கொழுத்த லாபம் சம்பாதித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஆசை வந்தது. சென்னை சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இதற்காகவே கள்ளித் தோட்டம் வைத்தார்.

1795-ல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பலில் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சாயம் தரும் உயர்ந்த இனம் இல்லை, அதன் தரம் குறைந்த உறவினர். சாய வியாபாரம் படுத்தது. ஆனால் அந்தப் பூச்சி, வேலிக்காக ஊர் ஊராகப் பரவியிருந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. இதைக் கவனித்தவர்கள் 1836-38 வாக்கில் அதைத் தென்னிந்தியாவுக்கும் கொண்டு வந்து விட்டார்கள். களையை அடக்கப் பூச்சியைத் தெரிந்தே கொண்டு போய் விட்டதில் உலகத்தின் முதல் சம்பவம் இதுதான் என்று பூச்சியியல் நூல்கள் சொல்கின்றன.

அதோடு கதை முடியவில்லை. நம் ஊரில் அதிகமாக இருந்த இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. அது தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் மேய்ச்சல் நிலங்களை விழுங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு இனக் கொச்சினீல் பூச்சி கொண்டு வரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கள்ளிக் காடுகள் வாடி விழுந்தன. கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளைச் சுற்றி இன்றும் இருக்கும் முள்வேலி பெரும்பாலும் உள்ளூர்க் கிளுவை. சப்பாத்திக்கள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கிறது.

பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்குவதும் இங்கே பழைய கதைதான். காப்பித் தோட்டங்களைப் பிடித்த செதில் பூச்சிக்காக 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டு கொண்டு வரப்பட்டது. கிரிப்டோலேமஸ் என்ற அந்த வண்டின் வம்சம் இன்றும் தென்னிந்தியாவில் இருக்கிறது. அது மீண்டும் நம் கதையில் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2008, ஜூலை மாதம்

பப்பாளி இந்தியாவுக்கு வந்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, அதன் பழைய எதிரி தேடிக்கொண்டு வந்துவிட்டது.

பப்பாளி மாவுப்பூச்சி என்பது அதன் பெயர். மெக்சிகோவில் அது பெரிய தொல்லையாக இருந்ததே இல்லை. அதை உண்ணும் குளவிகள் அங்கே கட்டுக்குள் வைத்திருந்தன. 1990-களில் அது கரீபியன் தீவுகளில் பரவியது. 1998-ல் அமெரிக்காவின் புளோரிடா, 2002-ல் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு, 2004-ல் ஹவாய் என்று தாவித் தாவி வந்தது. 2008-ல் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா மூன்றிலும் தலை காட்டியது.

இந்தியாவில் அது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட இடம் கோயம்புத்தூர். 2008 ஜூலையில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துப் பப்பாளி மரங்களில் அதை அடையாளம் கண்டார்கள். குவாமில் இதே பூச்சியோடு போராடிப் பழகிய பூச்சியியல் அறிஞர் ஆர். முனியப்பன் அப்போது அங்கே வந்திருந்தது ஒரு நல்வாய்ப்பு. பார்த்த பூச்சி என்பதால் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. துடியலூரிலிருந்து அந்த வளாகம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது.

எறும்பு வளர்க்கும் மாடுகள்

மாவுப்பூச்சியின் பெண் இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். மஞ்சள் உடம்பு, அதன் மேல் மாவு தூவியது போல மெழுகுப் பூச்சு. இறக்கை கிடையாது. வயிற்றடியில் பஞ்சு போன்ற ஒரு பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஊர்ந்து போகும். காற்றிலும், மனிதர்களின் துணியிலும், நாற்றுகளிலும், வண்டியில் ஏற்றிய காய்களிலும் ஒட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும்.

அது செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். அந்தத் தேன் நீருக்காக எறும்புகள் வரும். எறும்புகள் அதற்குக் கைம்மாறாக மாவுப்பூச்சியைத் தின்ன வரும் மற்ற பூச்சிகளை விரட்டும். பாலுக்காக மாடு வளர்ப்பது போலத்தான் இது. சிந்திய தேன் நீரில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போகும். இலை சுருளும், காய் உதிரும், மரம் பட்டுப்போகும்.

மழை பெய்தால் மாவுப்பூச்சி ஓரளவு அடித்துப் போய்விடும். வெயிலும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் கோடையின் தொடக்கத்தில் அதன் பெருக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. கோவை மலை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடும். சித்திரையில் நாலு கோடை மழை பெய்யாவிட்டால் செடிகளைக் கழுவிவிட ஆளில்லை.

பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. அது அறுபதுக்கும் மேற்பட்ட செடிகளில் வாழக்கூடியது. வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்தி, கொய்யா, கத்திரி, தக்காளி எல்லாவற்றிலும் ஏறியது. தெருவோரப் பார்த்தீனியம் செடியிலும் ஒளிந்துகொண்டது. வீட்டுக்காரர் ஒரு மரத்தை வெட்டி எரித்தால் பக்கத்துக் காலி மனையிலிருந்து மறுபடியும் வந்துவிடும்.

வீட்டில் ஒரு பப்பாளி மரம் போனால் மனவருத்தம். தோட்டக்காரருக்குப் போனால் பிழைப்பே போனது போல. உடுமலைப்பேட்டை, ஈரோடு பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போரின் மல்பெரிச் செடிகளை மாவுப்பூச்சி பிடித்தது. மல்பெரிக்கு மருந்து அடித்தால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். மருந்து அடிக்காவிட்டால் இலையே இருக்காது. சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளியையும் பிடித்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு கொடுக்கும் விவசாயிகள் தவித்துப்போனார்கள்.

மருந்தும் பெரிதாக உதவவில்லை. மெழுகுப் பூச்சில் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். பையில் இருக்கும் முட்டைகள் தப்பிவிடும். ஆனால் அந்த மருந்து பொறிவண்டுகளையும் மற்ற நல்ல பூச்சிகளையும் தவறாமல் கொன்றது. இரண்டு வாரத்தில் மாவுப்பூச்சி பழையபடி வந்து நிற்கும், அதைத் தின்ன வேண்டியவை மட்டும் வந்து சேராது.

போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குளவி

சப்பாத்திக்கள்ளிக்குச் செய்ததைத்தான் இங்கும் செய்ய வேண்டியிருந்தது. பழைய எதிரி வந்துவிட்டது, எதிரியின் எதிரியும் வர வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறையினர் கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் மாவுப்பூச்சியை உண்ணும் சிறு குளவிகளை வளர்த்து வந்தார்கள். குவாமிலும் வேறு தீவுகளிலும் அவற்றை விட்டு வெற்றி கண்டிருந்தார்கள். பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனம் 2010 ஜூலையில் அவற்றில் மூன்று இனங்களை இந்தியாவுக்கு வரவழைத்தது.

கொண்டு வந்த உடனே திறந்து விட்டுவிட முடியாது. உண்ணிச்செடியை அழகுக்காகக் கொண்டு வந்து அவதிப்பட்ட நாடு இது. அந்தக் குளவி மாவுப்பூச்சியை விட்டுவிட்டுப் பட்டுப்புழுவைத் தின்றால் என்ன செய்வது? அதனால் முதலில் அடைத்து வைத்துச் சோதித்தார்கள். மற்ற நல்ல பூச்சிகளை அது தொடவில்லை என்று உறுதியான பிறகுதான் வெளியே விட அனுமதி கிடைத்தது. 2010 அக்டோபரில் தமிழ்நாட்டில் குளவிகள் விடப்பட்டன.

மூன்றில் மிக நன்றாக வேலை செய்தது அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற இனம். குளவி என்றதும் சுவரில் மண்கூடு கட்டும் பெரிய குளவியை நினைக்க வேண்டாம். இது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதர்களைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சியின் குஞ்சைத் தேடிப் பிடித்து அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். கடைசியில் மாவுப்பூச்சி காய்ந்த கூடாகிவிடும். அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி பறந்துவிடும். இவ்வளவும் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும்.

கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தக் குளவிகளைப் பெருமளவில் வளர்த்துக் கொடுத்தது. வளர்த்த முறையும் எளிமையானது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அந்த மாவுப்பூச்சியில் குளவியை வளர்த்தார்கள். உருளைக்கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளிதான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை! சிறு குப்பிகளில் அடைத்த குளவிகளை விவசாயிகள் வாங்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் திறந்து விட்டார்கள்.

விட்ட இடங்களில் ஐந்தாறு மாதங்களிலேயே மாவுப்பூச்சி பெருமளவு அடங்கிவிட்டது. வீட்டுத் தோட்டங்களுக்கு யாரும் குப்பி கொண்டு வந்து கொடுக்கவில்லை. குளவி தானாகவே பறந்து தேடிக்கொண்டு போனது. காலி மனைப் பார்த்தீனியத்திலும், கோயில் செம்பருத்தியிலும், பொடக்காலிப் பப்பாளியிலும் அது தன் வேலையைச் செய்தது.

இன்றைக்கும் பார்க்கலாம்

மாவுப்பூச்சி முழுதாக ஒழிந்துவிடவில்லை. ஒழிக்கவும் முடியாது. அது ஒழிந்தால் குளவிக்கு உணவில்லை, குளவியும் ஒழிந்துவிடும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்துகொண்டே இருப்பதுதான் மெக்சிகோவில் இருந்த ஏற்பாடு. அந்த ஏற்பாடு இப்போது கொங்கு நாட்டிலும் நடக்கிறது.

எனவே கோடையின் தொடக்கத்தில் பப்பாளியிலோ செம்பருத்தியிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று கவனிப்பது நல்லது. பார்க்க வேண்டியவை சில உண்டு.

காய்ந்து உப்பிய மாவுப்பூச்சிகளில் ஊசியால் குத்தியது போல வட்ட ஓட்டை இருக்கிறதா? இருந்தால் குளவி ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள். அதன் வேலையைக் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

கூட்டத்துக்கு நடுவே மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, வெள்ளை மெழுகு நூல்கள் தொங்க, வேகமாக ஊர்ந்து போகும் புழு இருக்கிறதா? அதைப் பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்துப் பலர் நசுக்கிவிடுகிறார்கள். 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாக அது இருக்கக்கூடும். மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு. வேடம் போட்டுக்கொண்டு எதிரியின் கூட்டத்தில் புகுந்திருக்கிறது, அவ்வளவே. இன்னொரு உள்ளூர்க்காரரும் உண்டு. மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஒரு சிறு பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு, பார்ப்பதற்குக் குரங்கு முகம் போலவே இருக்கும். குழந்தைகளுக்குக் காட்டினால் மறக்க மாட்டார்கள்.

தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா? அதைத் தடுத்தால் மாவுப்பூச்சியின் காவல் போய்விடும். எண்ணெயில் நனைத்த துணியைத் தண்டில் சுற்றிக் கட்டுவது பழைய முறை. மற்றபடி, குழாயில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதிக் கூட்டம் விழுந்துவிடும். மோசமான கிளையை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம்.

அடுத்த கப்பல் வந்துகொண்டேதான் இருக்கிறது

பப்பாளியோடு இந்தக் கதை நின்றுவிடவில்லை. 2016-ல் பொள்ளாச்சித் தென்னை மரங்களில் சுருள் வெள்ளை ஈ கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவும் கோவை மாவட்டத்தில்தான் முதலில் தெரிந்தது. 2020-ல் கேரளாவிலும், பிறகு தமிழ்நாட்டிலும் மரவள்ளியை வேறொரு மாவுப்பூச்சி பிடித்தது. ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் உணவைக் காலி செய்யப் பார்த்த பூச்சி அது. அதை அங்கே ஒரு தென் அமெரிக்கக் குளவியைக் கொண்டு அடக்கியதற்காக ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் அறிஞருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு 2022-ல் தமிழ்நாட்டில் விடப்பட்டது. முறை அதேதான். யார் முதலில் கவனிக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்கள் என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது.

இங்கேதான் ஒரு சாதாரண வீட்டுத் தோட்டத்துக்கு முக்கியத்துவம் வருகிறது. துடியலூர் 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. முன்பு தோட்டமும் காடுமாக இருந்த நிலங்கள் மனைகளாகிவிட்டன. கொங்கு வழக்கில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம், காடு என்றால் மானாவாரி. அந்த அர்த்தத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்று துடியலூரில் குறைவு. வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடி இடமும், ஒரு பப்பாளியும், நாலு கத்திரிச் செடியும், ஒரு செம்பருத்தியும் உள்ளவர்கள்தான் அதிகம்.

ஆனால் புதிதாக வரும் பூச்சி முதலில் இறங்கும் இடங்களில் இப்படிப்பட்ட பொடக்காலியும் ஒன்று. தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கும் கண்ணும் அங்கேதான் இருக்கிறது. இதுவரை பார்க்காத ஒரு பூச்சியைக் கண்டால் ஒரு இலையை நெகிழிப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ காட்டுவதற்கு அரை நாள் போதும். அங்கே 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தையும் அப்படியே பார்த்துவிட்டு வரலாம்.

மெக்சிகோவின் மரம், மெக்சிகோவின் பூச்சி, போர்ட்டோ ரிக்கோ வழியாக வந்த குளவி, ஆஸ்திரேலியப் பொறிவண்டு, நம் ஊர் எறும்பு. இவ்வளவு பேரும் துடியலூரில் ஒரு பப்பாளி இலையின் அடிப்பக்கத்தில் கூடியிருக்கிறார்கள். வரும் சித்திரையில் அந்த இலையைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு இந்த ஐந்நூறு ஆண்டுக் கதை ஞாபகம் வந்தால், மருந்துப் புட்டியை எடுக்கும் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் குளவிக்கு வேண்டிய இரண்டு வார அவகாசம்.